ஒரே மாத்திரைக்கு ஐந்து படிவம்

கல்லூரி ஜூனியர் ஒருவன் டல்லாஸில் சொந்தமாக பார்மசி திறக்கிறான். போன வாரம் கூப்பிட்டு, "அண்ணே, யுஎஸ்பி 800-க்கு நீங்க ஏதோ சாஃப்ட்வேர் வெச்சிருக்கீங்களே, வாங்கலாமா?" என்று கேட்டான். கடையில் கூட்டம் இருந்ததால் அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அந்த அப்புறம்தான் இது.

யுஎஸ்பி 800 என்பது, கையாளுகிறவருக்கே ஆபத்தான மருந்துகளை எப்படிக் கையாள வேண்டும் என்று சொல்லும் அமெரிக்க விதி. 2023 நவம்பர் 1-ல் அது அமலுக்கு வந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்னால் பதறியடித்து சாஃப்ட்வேரை வாங்கினேன். புற்றுநோய்க்கான கீமோ மருந்து கலக்கும் மருத்துவமனைகளுக்குத்தானே இதெல்லாம் என்று அதுவரை அலட்சியமாக இருந்துவிட்டேன். மெத்தோட்ரெக்சேட், வார்ஃபரின், ஃபினாஸ்டரைடு, கார்பமாசெபைன் என்று நம் அலமாரியில் தினமும் புழங்குகிற சரக்கே நியோஷ் பட்டியலில், அதாவது வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசு நிறுவனம் போடும் ஆபத்தான மருந்துகளின் பட்டியலில், இருக்கிறது. எண்ணிப் பாட்டிலில் போடுவதோடு வேலை முடிகிறது என்றால் விதி கேட்கும் முழுப் பாதுகாப்பு ஏற்பாடும் வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு மருந்துக்கும், அது மாத்திரையா ஊசியா என்று வடிவம் வாரியாக, நாமே ஆபத்து மதிப்பீடு எழுதி வைத்திருக்க வேண்டும். 12 மாதத்துக்கு ஒருமுறையாவது மறுபடி பார்த்து, பார்த்ததையும் பதிய வேண்டும். அந்தக் காகிதம் இல்லையென்றால் சலுகையும் இல்லை.

சரி, சாஃப்ட்வேருக்கு வருகிறேன். மருந்தின் பெயரை அடித்தால் பட்டியலில் உண்டா இல்லையா என்று உடனே சொல்லிவிடும். கெடு நெருங்கினால் ஞாபகப்படுத்தும். பிடிஎஃப் அழகாக வரும். இதிலெல்லாம் குறை சொல்ல எதுவும் இல்லை.

என் உயிரை வாங்குவது என்டிசி எண், அதாவது ஒவ்வொரு கம்பெனியின் மருந்துக்கும் தனித்தனியாக இருக்கும் அமெரிக்க அடையாள எண். சின்னக் கடைக்கு ஜெனரிக் (பிராண்ட் பெயர் இல்லாமல் பல கம்பெனிகள் செய்யும் அதே மருந்து) எப்படி வருகிறது என்று உங்களுக்கே தெரியும். இந்த மாதம் எந்தக் கம்பெனி மலிவோ அந்தக் கம்பெனி பாட்டில். எண் மாறினால் இந்தச் சாஃப்ட்வேருக்கு அது புது மருந்து! பழைய பதிலை நகலெடுக்க ஒரு பட்டன் கிடையாது. பேக்கிங் என்ன, உடைப்பீர்களா, கிளவுஸ் எது என்று முதலிலிருந்து மறுபடியும் கேட்கும். மெத்தோட்ரெக்சேட் 2.5 மில்லிகிராமுக்கு மட்டும் என்னிடம் ஐந்து படிவம் இருக்கிறது. கம்பெனிக்கு ஒன்று எழுது என்று விதியில் எங்கும் இல்லை. இரண்டு தடவை புகார் எழுதினேன். "உங்கள் ஆலோசனையைக் குழுவிடம் சேர்த்துவிட்டோம்" என்று இரண்டு தடவையும் ஒரே பதில். 2024 டிசம்பரில் நியோஷ் புதுப் பட்டியல் போட்டு மூன்று அட்டவணையை இரண்டாக்கியபோது சாஃப்ட்வேர் மொத்தப் படிவங்களையும் மறுபடி நிரப்பச் சொல்லித் திறந்துவிட்டது. ஒரு சனி ஞாயிறு அதோடு போயிற்று.

இதைச் சொல்ல மனசில்லை, ஆனாலும் சொல்கிறேன். அந்த ஐந்தில் நான்காவது படிவத்தில், "எண்ணும்போது தூள் படிகிறதா?" என்ற கேள்விக்கு என் டெக்னீஷியன் "ஆம்" என்று போட்டிருந்தார். முந்தைய மூன்றிலும் "இல்லை". தவறாகத் தட்டிவிட்டார் என்று நினைத்து எழுந்து போய்ப் பார்த்தேன். வெள்ளை ட்ரேயின் மூலையில், மஞ்சள்தூள் பாக்கெட்டைத் தட்டிய மாதிரி ஒரு மெல்லிய படிவு. அதே ட்ரேயில்தான் அடுத்து யாருக்கோ சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் எண்ணியிருப்போம். நகல் பட்டன் இருந்திருந்தால் பழைய "இல்லை"யே நான்காவது தடவையும் போயிருக்கும்.

அன்றைக்கே மெத்தோட்ரெக்சேட்டுக்கென்று ஒரு ஊதா நிற ட்ரே, தனி ஸ்பாட்டுலா. எண்ணி முடித்ததும் துடைத்துத் தனியாக வைத்துவிடுவோம். பாதி மாத்திரை கேட்கிற வார்ஃபரின் நோயாளிகளுக்கு வெறும் கையால் உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்ததும் இப்படி ஒரு கேள்வியில்தான் மாட்டியது. மொத்தத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த ஊதா ட்ரேதான். அதை இந்தச் சாஃப்ட்வேர்க்காரர்கள் விற்கவில்லை.

சோதனைக்கு வந்த ஆய்வாளர் அத்தனை படிவத்தையும் வாங்கி, தேதியும் கையெழுத்தும் இருக்கிறதா என்று மட்டும் புரட்டிப் பார்த்தார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. இதில் ஒவ்வொரு மாநில பார்மசி வாரியமும் ஒவ்வொரு மாதிரி. உங்கள் ஊரில் எப்படி என்று முதலில் விசாரித்துக்கொள்.

தம்பி, வாங்காதே. ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போதும். மருந்து, வடிவம், பேக்கிங், நாம் அதை என்ன செய்கிறோம், கையில் படுமா, என்ன பாதுகாப்பு, தேதி, கையெழுத்து. கூடவே தூளுக்கு ஒரு கட்டம் போடு. கம்பெனி மாறும்போதெல்லாம் அந்தக் கட்டத்தை மட்டும் அழித்துவிட்டு, ட்ரேயைக் கையில் வைத்துக்கொண்டு நிரப்பு. நேற்று ராத்திரி என் சந்தாவை ரத்து செய்துவிட்டேன். இன்று காலை வந்த பெட்டியில் மெத்தோட்ரெக்சேட் ஆறாவது கம்பெனி.