‘நீலகிரியில் சால்மன்’ விளம்பரம்: 13,500 ரூபாய் போன கதை

ஊட்டிப் பக்கம் ‘குளிர்கால சால்மன் பிடிக்கலாம் வாங்க’ என்று ஒரு விளம்பரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. பணம் கட்டிவிடாதீர்கள். நான் கட்டினேன். ஆளுக்கு 4,500, நான், மச்சினன், மாமனார் என்று மூன்று பேருக்கு 13,500 ரூபாய், முழுவதும் முன்பணமாக.

என் மச்சினன் சியாட்டிலில் இருக்கிறான், மீன் பைத்தியம். டிசம்பர் கடைசியில் கோவைக்கு வந்தவனை அசத்த வேண்டும் என்று அவனிடம் சொல்லாமலே புக் செய்தேன். விளம்பரப் படத்தில் ஒருவர் கருப்புப் பாறைமேல் நின்று தூண்டில் வீசுகிறார், பின்னால் அலை உடைகிறது. நீலகிரியில் ஏது அலை என்று எனக்கு உறைக்கவே இல்லை. ஏதோ அணைத் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டேன். இ-பாஸ் எடுத்து, கல்லார் தாண்டி, குன்னூர் வளைவுகளில் ஏறும்போதுதான் அவனிடம் படத்தைக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தவன் சிரித்துவிட்டான். “மச்சான், பாறைல ஒட்டிட்டு இருக்கறது நட்சத்திர மீனுங்க. இது எங்க ஊர்ப் பக்கத்துக் கடலு.”

சரி, பாதி மலை ஏறியாகிவிட்டது, பணமும் போய்விட்டது, பார்த்துவிடலாம் என்று போனோம். அங்கேயே வண்டியைத் திருப்பியிருந்தால் அபராதமாவது மிஞ்சியிருக்கும்.

வழியில் அவன் சொன்னதுதான் அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே உருப்படியான விஷயம். அவர்கள் ஊர் உள்கடலில் குளிர்காலத்திலும் தங்கிவிடும் சினூக் சால்மனுக்கு ‘பிளாக்மவுத்’ என்று பெயர். ஈறு கருப்பாக இருக்கும். நீரோட்டம் மாறும் நேரம் பார்த்துக் கரையிலிருந்து உலோகத் தூண்டிலை வீசுவார்கள். பாசி வழுக்கும் பாறையில் நிற்பவர்கள் கடலுக்கு முதுகு காட்டவே மாட்டார்களாம். லைசென்ஸ் வேண்டும். வைத்துக்கொள்ளும் ஒவ்வொரு சால்மனையும் பிடித்த உடனே ஒரு அட்டையில் எழுதவும் வேண்டும். முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவில் சின்னதாக ஒரு கொழுப்புத் துடுப்பு இருக்கும். அதை வெட்டிவிட்டிருந்தால் பண்ணையில் பொரித்துக் கடலில் விட்ட மீன் என்று அடையாளம், வீட்டுக்குக் கொண்டு போகலாம். வெட்டாமல் இருந்தால் பெரும்பாலும் திரும்ப விட்டுவிட வேண்டியதுதான்.

நீலகிரியில் இருப்பது சால்மன் இல்லை, அதன் உறவுக்கார மீனான ட்ரவுட். 1863-இல் பிரான்சிஸ் டே என்ற ஆங்கிலேயர் கொண்டுவந்து வளர்க்கப் பார்த்து முடியவில்லை. 1907-இல் வில்சன் என்பவர் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்த பிறகுதான் ரெயின்போ ட்ரவுட் இந்த ஓடைகளில் நிலைத்தது. அது முட்டையிடுவதே குளிர்காலத்தில்தான். அந்த நேரத்தில் ‘குளிர்கால ஸ்பெஷல்’ என்று ஒருவன் கூப்பிட்டால் அதிலேயே வில்லங்கம் இருக்கிறது. இதையெல்லாம் ஊருக்குத் திரும்பிய பிறகு படித்தேன், முன்னாலேயே படித்திருக்கலாம்.

எமரால்டு தாண்டி, கேரட் தோட்டங்களுக்கு நடுவே ஒரு மண்பாதையில் கூட்டிப்போனார் ‘கைடு’. காலை ஆறரை மணி, புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்தது. ஓடை நாலடி அகலம்கூட இருக்காது. அவர் ஜீப்பிலிருந்து எடுத்ததோ தூத்துக்குடிக் கடற்கரையில் வீசுகிற மாதிரி பன்னிரண்டு அடி ராடு, கயிறு மாதிரி நரம்பு, உள்ளங்கை அளவு ஈயக்குண்டு. மச்சினன் அதை வாங்கிப் பார்த்துவிட்டு மெதுவாகத் திருப்பிக் கொடுத்தான். “இத வீசுனா மீன் மண்டைல விழுந்துதாங்க சாகும்.” அனுமதி இருக்கிறதா என்று கேட்டதற்கு, “அதெல்லாம் பேசியாச்சுங்க சார்” என்று லேமினேட் செய்த ஒரு அட்டையை நீட்டினார். அதில் அலுவலக முத்திரை இல்லை, எண் இல்லை, தேதி இல்லை. மான் படம் மட்டும் இருந்தது.

அரை மணி நேரத்தில் வனக்காவலர் வந்துவிட்டார். நாங்கள் நின்ற இடம் காப்புக்காடு. கைடு எந்தப் பக்கம் போனார் என்றே தெரியவில்லை, ஜீப்பும் இல்லை. எங்கள் பெயர், விலாசம் எழுதி, ரசீது போட்டு அபராதம் வாங்கினார்கள். காவலர் மரியாதையாகவே பேசினார். அதுதான் இன்னும் கூச்சமாக இருந்தது. மீன்பிடிக்க மீன்வளத்துறை அனுமதி, காட்டுக்குள் கால் வைக்க வனத்துறை அனுமதி, இரண்டும் தனித்தனி என்று அவர்தான் விளக்கினார். எழுபது வயது மாமனார் அந்தக் குளிரில் மூன்று கிலோமீட்டர் நடந்துதான் பஸ் பிடித்தார்.

தங்கும் இடத்தில் மதியச் சாப்பாடும் பேக்கேஜில் சேர்த்தி. கைடு அங்கே எங்களுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார், எதுவும் நடக்காத மாதிரி! “உங்களுக்காகக் காலைலயே பிடிச்ச சால்மனுங்க” என்று சமைக்கும் முன் முழு மீனைத் தட்டில் கொண்டுவந்து காட்டினார். மாமனார் பவானிசாகர் மீன் தின்று வளர்ந்தவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். “மாப்பிள்ளை, சால்மனுக்கு மீசை இருக்குங்களா?” வாயோரம் இரண்டு பக்கமும் மீசை, காசு அளவுக்குச் செதில். சாதாரண அணைக் கெண்டை. மச்சினன் பழக்க தோஷத்தில் கொழுப்புத் துடுப்பைத் தேடினான். கெண்டைக்கு அது பிறவியிலேயே கிடையாது. “துடுப்பு இல்லீங்க, அப்ப வீட்டுக்குக் கொண்டு போலாம்” என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “மீன் மாட்டறது உங்க அதிர்ஷ்டங்க, நாங்க டூருக்குத்தான் காசு வாங்குனோம்” என்றார். அபராதத்தைப் பற்றிப் பேசியதும் குரல் மாறியது. மறுநாள் என் நம்பரைப் பிளாக் செய்துவிட்டார். பணம் போன யுபிஐ கணக்கு வேறு யாரோ ஒருவர் பெயரில் இருக்கிறது. நான் அனுப்பும்போதே திரையில் அந்தப் பெயர் வந்தது, பார்த்துக்கொண்டேதான் பின் நம்பரை அழுத்தினேன். பில் கிடையாது. வங்கியில் “நீங்களாகத்தானே அனுப்பினீர்கள்” என்று முடித்துக்கொண்டார்கள். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், யுபிஐ ரசீது, அந்த மான் படம் போட்ட அட்டையின் புகைப்படம் மூன்றையும் இணைத்திருக்கிறேன். இதே ஆளிடம் ஏமாந்தவர்கள் இருந்தால் நீங்களும் புகார் பதியுங்கள்.

போன வாரம் அதே பாறை, அதே அலை, அதே நட்சத்திர மீன் படத்தோடு புது விளம்பரம் ஒன்று வந்தது. இந்த முறை ஊர் கொடைக்கானல், ஆளுக்கு 5,200.