குன்னூரில் 'சிபிஎம் ஓடும் ஸ்பெக்ட்ரம்' விற்பனைக்கு வந்தால் உஷார்!

பழைய கம்ப்யூட்டர் சேர்க்கிற நீலகிரிக்காரர்களுக்கும், அதற்காகவே கீழேயிருந்து மலையேறி வருகிறவர்களுக்கும் இந்தப் பதிவு. குன்னூரில் பங்களா சாமான்களை மொத்தமாக எடுத்து விற்கிற ஒரு கடைக்காரர், 'சிபிஎம் போட்டது' என்று சொல்லி, சின்க்ளேர் கம்பெனியின் 1980கள் கால வீட்டுக் கம்ப்யூட்டரான ஸ்பெக்ட்ரம் பிளஸ் ஒன்றை 14,000 ரூபாய்க்கு என் தலையில் கட்டிவிட்டார்.

சிபிஎம் (CP/M) என்பது கேரி கில்டால் 1974இல் உருவாக்கிய ஆபரேட்டிங் சிஸ்டம். இசட்80 சிப்பில் நன்றாக ஓடும். ஸ்பெக்ட்ரத்திலும் இசட்80தானே, அப்புறம் என்ன என்று கேட்பீர்கள். சிபிஎம்முக்கு மெமரியின் அடியிலிருந்தே ராம், அதாவது எழுதி அழிக்கிற மெமரி, வேண்டும். புரோகிராம்கள் 256ஆவது முகவரியில்தான் ஏறும். ஸ்பெக்ட்ரத்திலோ முதல் 16 கே முழுக்க ரோம், பேசிக் என்கிற புரோகிராம் மொழியைப் பதித்து வைத்த மெமரி. அங்கே ஒரு எழுத்துகூட எழுத முடியாது. 1987இல் வந்த பிளஸ் 3 மாடலில் ரோமை ஒதுக்கிவிட்டு அந்த இடத்தில் ராமைக் கொண்டுவர வழி வைத்திருந்தார்கள், அதனால் அதற்கு மட்டும் சிபிஎம் பிளஸ் கிடைத்தது. 1984இன் ஸ்பெக்ட்ரம் பிளஸ், கீபோர்டு மாற்றிய பழைய 48 கே மெஷின், அவ்வளவுதான்.

இதெல்லாம் அந்த ஆளுக்கு அத்துப்படி, அதுதான் எரிச்சல். "அதுக்குத்தானே சார் உள்ள ராம் கார்டு ஏத்தியிருக்கு, ரோம் தானா ஒதுங்கிக்கும்" என்றார். அப்படிச் செய்கிறவர்கள் நிஜமாகவே உண்டு. கடையில் போட்டுக்காட்ட டிவி இல்லையாம். சிபிஎம் ஓடும்போது வருகிற 'ஏ>' குறியோடு கர்சர் மினுக்குகிற வீடியோ ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்.

கோத்தகிரிக்குக் கொண்டுவந்து முதலில் அடாப்டரை மல்டிமீட்டரில் வைத்தேன். ஸ்பெக்ட்ரத்துக்கு 9 வோல்ட், நடுமுனை மைனஸ். அவர் கொடுத்தது ஏதோ ரூட்டர் அடாப்டர், நடுமுனை பிளஸ். அப்படியே சொருகியிருந்தால் போர்டு போயிருக்கும், பழியும் நம் மேல் விழுந்திருக்கும்.

சரியான அடாப்டரில் போட்டதும் திரையின் அடியில் 1982 சின்க்ளேர் காப்பிரைட் வரி. டைரக்டரி, அதாவது ஃபைல் பட்டியல், பார்க்கிற சிபிஎம் கட்டளையான 'டிர்'ஐ (DIR) அடிக்க 'டி'யை அமுக்கினால், 'டிம்' என்று முழு வார்த்தையும் வந்து விழுகிறது. ஒரு விசைக்கு ஒரு பேசிக் கட்டளை. அசல் ஸ்பெக்ட்ரம், வேறொன்றுமில்லை.

மூடியைக் கழற்றினேன். பழைய பிசியின் லேன் கார்டை அறுத்து, இரட்டைப் பக்க டேப் போட்டு ஒட்டியிருக்கிறது. நெட்வொர்க் ஜாக் பிடுங்கிய ஓட்டைகள் அப்படியே தெரிகின்றன. அதிலிருந்து மெயின் போர்டுக்கு ஒரு ஒயர்கூடப் போகவில்லை.

போன் போட்டால், "மிஸ்ட் சீசன் சார், ஈரம் ஏறியிருக்கும். ஹேர் டிரையர் காட்டுங்க." ஈரம் ஏறினால் கீபோர்டு மக்கர் பண்ணும், திரையில் குப்பை தெரியும். சிபிஎம் பேசிக்காக மாறுமா? பிறகு, "பழைய சாமானுக்கு ரிட்டர்ன் இல்ல." அதற்கப்புறம் போனே எடுக்கவில்லை. பில்லும் தரவில்லை. ஜிபே ரசீதையும் வாட்ஸ்அப் பேச்சையும் வைத்து நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915இல் புகார் கொடுத்திருக்கிறேன்.

அந்த வீடியோவைப் பற்றி ஒன்று. அதில் ஒரு வரிக்கு 80 எழுத்து ஓடுகிறது. ஸ்பெக்ட்ரம் திரையின் அகலமே 256 புள்ளி. 80 எழுத்தை அடைத்தால் ஒரு எழுத்துக்கு மூன்று புள்ளிதான் மிஞ்சும், படிக்கவே வராது. லேப்டாப்பில் எமுலேட்டரை, அதாவது பழைய கம்ப்யூட்டர் மாதிரி நடிக்கிற புரோகிராமை, ஓட்டி எடுத்த வீடியோ அது.

இப்போது அதே வீடியோவைப் போட்டு 'சிபிஎம் ஓடும் கமடோர் 64' என்று விற்கிறார். கமடோர் 64இல் இருப்பது 6510 சிப். சிபிஎம் ஓட வேண்டுமானால் இசட்80 உள்ள தனி கார்ட்ரிட்ஜ் வேண்டும், அப்போதும் திரையில் 40 எழுத்துதான். கேட்டுப் போகிறவர்கள் கார்ட்ரிட்ஜைக் கையில் வாங்கிப் பாருங்கள். கடையில் டிவி இல்லை என்றால் நீங்களே ஒன்றைத் தூக்கிக்கொண்டு போங்கள். அடாப்டரை மட்டும் மீட்டர் வைத்துப் பார்க்காமல் சொருகிவிடாதீர்கள்.