ரெலிகியோ: சிசரோ சொன்ன வேரா, லாக்டான்டியஸ் சொன்ன வேரா?

மதத்தைக் குறிக்கும் 'ரெலிஜியன்' என்ற ஆங்கிலச் சொல் லத்தீனின் 'ரெலிகியோ'விலிருந்து வந்தது, சரி. அந்த ரெலிகியோவின் வேர் எது என்பதில்தான் நெடுங்கால வழக்கு.

கி.மு. 45-இல் ரோமானியப் பேச்சாளரும் எழுத்தாளருமான சிசரோ காட்டியது 'ரெலெகெரே', அதாவது திரும்பத் திரும்பக் கவனித்துப் பார்ப்பது. ரோமானியச் சடங்கில் ஏதாவது பிசகினால் முதலிலிருந்து செய்வார்கள். அந்த மனப்போக்குக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது.

4-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கிறிஸ்தவரான லாக்டான்டியஸ் இதை மறுத்து, 'ரெலிகாரே' என்றார்: கட்டுவது. பக்தி நம்மைக் கடவுளோடு பிணைக்கிறதாம். கிறிஸ்தவ இறையியலாளர் அகஸ்டினும் பிற்காலத்தில் இதையே விரும்பினார்.

எனக்குச் சிசரோ பக்கமே சாய்வு. 'லெகெரே'யிலிருந்து (திரட்டுவது) 'லெகியோ' (படைப்பிரிவு) வருவதுபோல ரெலெகெரேயிலிருந்து ரெலிகியோ இயல்பாக வரும். ரெலிகாரே என்றால் 'ரெலிகாட்டியோ' என்றல்லவா எதிர்பார்ப்போம்? ஆனால் ரெபெல்லாரே (கலகம் செய்வது), ரெபெல்லியோ (கலகம்) என்ற ஜோடியும் லத்தீனில் இருக்கிறது; அங்கே 'ஆரே' வினையிலிருந்து 'ஆட்டியோ' இல்லாமலே பெயர்ச்சொல் வருகிறது. லாக்டான்டியஸை அடியோடு தள்ளிவிட முடியாது.