‘விலைக்கு இன்பொக்ஸ் வாங்க’: பேஸ்புக், வட்ஸ்அப், கூகுள் மெப் – எதில் கடை ஒளிக்காமல் பேசுகிறது?

கிழக்கிலங்கையின் மருதமுனைச் சாரன், மட்டக்களப்பு எருமைத் தயிர், அறுகம்பேயில் அறை. மூன்றுக்கும் இணையத்தில் படம் தாராளமாகக் கிடைக்கும், விலைதான் கிடைக்காது. கேட்டால் “இன்பொக்ஸ் வாங்க” என்பார்கள். கடைக்குள் விலையை எழுதி வைக்க வேண்டும் என்பது சட்டம். அதே கடை பேஸ்புக்குக்கு வந்ததும் விலை இரகசியமாகிவிடுகிறது. ஆளைப் பார்த்து விலை சொல்லப் போகிறார்கள் என்று வாங்குபவர் நினைத்தால் அவரில் பிழையில்லை.

அதனால் எந்தத் தளத்தில் கூட்டம் அதிகம் என்று நான் பார்க்கவில்லை. ஒருவர் சொன்ன குறையும் அதற்குக் கடை சொன்ன பதிலும் அடுத்து வாங்க வருபவரின் கண்ணில் படுமா என்று மட்டும் பார்த்தேன்.

பேஸ்புக் பக்கத்தில் படும், கடைக்காரர் மனம் வைத்தால். கொமென்டை மறைக்கும் வசதி அவர் கையில் இருக்கிறது. மறைத்தாலும் எழுதியவருக்கும் அவருடைய நண்பர்களுக்கும் அது தெரிந்துகொண்டே இருக்கும் என்பதால், எழுதியவருக்கு விஷயமே விளங்காது. ஆனால் கல்முனை, காத்தான்குடி போல எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்களாக இருக்கிற ஊரில் இந்த விளையாட்டு கனநாள் ஓடாது. பக்கத்தின் ‘வெளிப்படைத்தன்மை’ பகுதியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். பக்கம் எப்போது தொடங்கியது, முன்பு என்ன பெயரில் இருந்தது என்று காட்டும். முற்பணம் அனுப்புவதற்கு முன் இதையாவது செய்யுங்கள்.

“சாரன் இரண்டாம் கழுவலிலேயே சாயம் விட்டுது காக்கா” என்று ஒருவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். “இன்பொக்ஸ் வாங்க தம்பி” என்பது ஒரு பதில். “அந்தக் கறுப்புக் கரை நூலில பிழை. கொண்டு வாங்க, மாத்தித் தாறம். அதே கரை வாங்கின மற்ற ஆக்களும் வரலாம்” என்பது இன்னொரு பதில். இரண்டாவது பதிலைப் படித்தவர் அடுத்த பெருநாளுக்கு எங்கே சாரன் எடுப்பார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

வட்ஸ்அப் ஓடர் எடுக்க நல்லது, திறந்து பேச அவ்வளவு பொருந்தாது. குழுமத்தில் 1,024 பேர் வரை இருக்கலாம், ஆனால் ஒருவருடைய இலக்கம் மற்றவருக்குத் தெரியும். பெண் வாடிக்கையாளர்கள் சத்தமில்லாமல் விலகுவதற்கு வேறு காரணம் தேடத் தேவையில்லை. சனலில் இலக்கம் தெரியாது, ஆனால் வாங்குபவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வழியில்லை. ஸ்டேட்டஸ் 24 மணித்தியாலத்தில் போய்விடும், நேற்றைய விலையும் அதோடு போய்விடும். இருந்தாலும் தயிர்க்காரருக்கு இதுதான் தோது. “இண்டைக்குப் பால் குறைவு, சட்டி கொஞ்சந்தான்” என்று காலையில் சொல்லிவிட்டால் போதும்.

கூகுள் மெப்பில் கடைக்காரருக்கு அதிகாரம் குறைவு. வந்த விமர்சனத்தை அவரால் அழிக்க முடியாது. முறையிடலாம், இல்லாவிட்டால் கீழே பதில் எழுதலாம். எதிர்க்கடைக்காரர் ஆள் வைத்து ஒற்றை நட்சத்திரம் குத்துவதும் நடக்கும்தான். என்றாலும் பாசிக்குடா, அறுகம்பே விடுதிகளுக்கு இதைத்தான் முதலில் வைப்பேன். தூரத்திலிருந்து வருகிறவர் கட்டிலின் படத்தைப் பார்ப்பதைவிட, தண்ணீர் வரவில்லை என்ற குறைக்கு முதலாளி என்ன பதில் எழுதினார் என்பதைத்தான் பார்ப்பார்.

சாப்பாட்டுக் கடைகளின் விஷயம் வேறு. 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். முஸ்லிம் சாப்பாட்டுக் கடையொன்றின் கறியில் கிடந்த மாக்கட்டியை, சிங்களவரை மலடாக்கும் குளிசை என்றார்கள். சிங்களம் சரியாகப் பிடிபடாத காசாளர் திணறித் தலையாட்டிய வீடியோ பேஸ்புக்கில் பறந்தது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மா என்று அரச பகுப்பாய்வு சொன்னபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்த வெறியைக் கடைப் பக்கத்தில் ஒரு போஸ்ட் போட்டுத் தடுத்திருக்கலாம் என்று சொல்ல நான் தயாரில்லை. ஆனால் இந்த மாவட்டத்தில் கடை நடத்துகிறவர் தமிழில் மட்டும் பேசினால் பலருக்கு அது போய்ச் சேராது. சமையலறையின் படமும் விலைப்பட்டியலும் குறைகளுக்கான பதிலும் சிங்களத்திலும் இருக்க வேண்டும்.

இன்னொன்று, 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியது. கடையின் தொலைபேசி இலக்கத்தைப் பலகையிலும் பில்லிலும் அச்சடித்து வையுங்கள்.

சாரன், சேலைக்குப் பேஸ்புக் பக்கம், தயிருக்கு வட்ஸ்அப், விடுதிக்குக் கூகுள் மெப், சாப்பாட்டுக் கடைக்கு இரு மொழியில் பேஸ்புக். வாங்குகிற பக்கத்தில் நிற்பவர்கள் விலையை இன்பொக்ஸில் கேட்காமல் கொமென்டிலேயே கேளுங்கள். காசு போடுவதற்கு முன் பதிலை ஸ்க்ரீன்ஷொட் எடுத்து வையுங்கள். அச்சிட்ட விலைக்கு மேல் கடைக்காரர் காசு கேட்டால் முறையிட நுகர்வோர் அதிகார சபையின் இலக்கம் 1977.