பாதி விலைக்கு வந்த டிஜிட்டல் தராசு: நான்கு ஆண்டு ரீலோடிங் அனுபவம்

டல்லாஸில் இருக்கும் நண்பர் ஒருவர் ரைஃபிள் தோட்டாக்களை வீட்டிலேயே மறுபடி நிரப்பும் ரீலோடிங் வேலையைத் தொடங்கவிருக்கிறார். நான் நான்கு ஆண்டுகளாக வைத்திருக்கும் அதே டிஜிட்டல் தராசு இந்த வாரம் பாதி விலைக்குக் கிடைக்கிறது, வாங்கலாமா என்று கேட்டார். என் தராசு பழுதுபார்க்கப்பட்டுத் திரும்பி ஒரு மாதம்தான் ஆகிறது என்பதால், அவருக்கு உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மற்ற கருவிகளைப் பற்றி அவர் அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் செய்யும் சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ், .308 வின்செஸ்டர் என்ற ரைஃபிள் தோட்டா வகைக்கான டைகள் (கூட்டுக்கு வடிவம் தரும் அச்சுகள்), நீளம் அளக்கும் காலிப்பர், புதிய பதிப்புக் கையேடு ஆகியவை இருந்தால் தொடங்கிவிடலாம். பித்தளைக் கூடு 2.015 அங்குலத்தைத் தாண்டினால் அதை 2.005க்கு வெட்டிவிட வேண்டும் என்பது போன்றவற்றைக் கையேடே சொல்லித்தரும். (சொந்த உபயோகத்துக்கு ரீலோடிங் செய்ய அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் உரிமம் கேட்பதில்லை. இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா செய்வது குற்றம். ஊரில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முயலக் கூடாது.)

கைப்பிசகைச் சற்றும் பொறுக்காத இடம் கூட்டில் நிரப்பும் வெடிமருந்தின் எடைதான். அதை கிரெய்ன் கணக்கில் நிறுக்கிறோம். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெய்ன். ஒரு கிரெய்ன் என்பது 64.8 மில்லிகிராம், நம் பொற்கொல்லர்களின் குன்றிமணியில் ஏறக்குறையப் பாதி. .308 தோட்டாவுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தமே சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு என்னும்போது, கையேடு அனுமதிக்கும் உச்ச மருந்து அளவை நெருங்கிய நிலையில் கூடுதலாக விழும் அரைக் குன்றிமணி மருந்தை அற்பம் என்று ஒதுக்க முடியாது.

டிஜிட்டல் தராசின் நன்மைகளை மறைப்பது நியாயமாகாது. தட்டை வைத்த இரண்டு நொடியில் எண் தெரிகிறது. ரவைகளையும் (தோட்டாவிலிருந்து பாயும் குண்டுகள்) காலிக் கூடுகளையும் எடைவாரியாகப் பிரிப்பதற்கு இதைவிட வசதியான கருவியை நான் பயன்படுத்தியதில்லை. ஆனால் இதன் பூஜ்யம் நகர்ந்துகொண்டே இருக்கும். அரை மணி நேரம் முன்னதாக இயக்கி வைத்தேன், குளிரூட்டியின் காற்று படாத மூலைக்கு மாற்றினேன், கைபேசியை அடுத்த அறையில் வைத்தேன், குழல் விளக்கையும் அணைத்தேன். விளக்கப் புத்தகம் சொன்ன அத்தனையையும் செய்த பிறகும் அது நகர்ந்தது.

சென்ற ஜனவரியில் ஓர் இரவு, கராஜில் முப்பத்து நான்கு தோட்டாக்களை முடித்தபின் தற்செயலாகத் தட்டைத் தூக்கினேன். தட்டை வைத்துப் பூஜ்யமாக்கியிருந்ததால், அதன் எடையான 152.4 கிரெய்ன் கழிவாக, -152.4 என்று திரையில் தெரிய வேண்டிய இடத்தில் -153.3 நின்றது. அதாவது, திரை காட்டியதைவிட ஏறக்குறைய ஒரு கிரெய்ன் கூடுதலான மருந்து கூடுகளுக்குள் போயிருந்தது. உச்ச அளவுக்குப் பத்து சதவீதம் கீழே தொடங்கியிருந்ததால் அவற்றைச் சுட்டிருந்தாலும் ஆபத்து இருந்திருக்காது. ஆனாலும் எந்தத் தோட்டாவிலிருந்து எடை பிசகியது என்று தெரியாத நிலையில், சுத்தியல் வடிவ ரவை உருவியால் முப்பத்து நான்கையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பிரித்தேன். அந்த இரண்டு மணி நேரத்தில் எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

அதன்பிறகு வாங்கியதுதான் பழைய ஆர்சிபிஎஸ் 5-0-5 தண்டுத் தராசு. ஓஹாஸ் நிறுவனம் செய்து கொடுத்தது; 511 கிரெய்ன் வரை நிறுக்கும். தண்டைத் தாங்கும் கத்தி முனை அகேட் என்ற கடினமான கல்லின்மேல் அமர்ந்திருக்கிறது, தண்டின் ஆட்டத்தைக் காந்தம் அடக்குகிறது, மின்சாரமே தேவையில்லை. முள்ளைக் கண்மட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருப்பதால் வேலை மெதுவாகத்தான் நடக்கும். காற்று பட்டால் இதன் முள்ளும் ஆடத்தான் செய்கிறது. ஆனால் அது ஆடுவதை நான் பார்க்கிறேன், காற்று நின்றதும் அது பழைய இடத்துக்கே திரும்புவதையும் பார்க்கிறேன். டிஜிட்டல் தராசோ தவறான எண்ணையும் சரியான எண்ணைப் போலவே அசையாமல் காட்டுகிறது. திரையை மட்டும் பார்த்து அந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்கப் புதிதாகத் தொடங்குபவருக்கு எந்த வழியும் இல்லை.

நியாயமாகச் சொன்னால், டிஜிட்டல் தராசின் உற்பத்தியாளர்கள் பணம் வாங்காமலேயே உள்ளிருந்த எடை உணரியை மாற்றிக் கொடுத்தார்கள். கடந்த ஒரு மாதமாக ஒவ்வொரு பத்துத் தோட்டாவுக்கும் ஒருமுறை, எடை தெரிந்த படிக்கல்லை அதில் வைத்துச் சோதிக்கிறேன்; ஒருமுறைகூடப் பிசகவில்லை. ஆயினும் என் பதில், வாங்க வேண்டாம் என்பதுதான். பாதி விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம்.

அந்தப் பணத்துக்குப் பழைய தண்டுத் தராசு ஒன்றைத் தேடி வாங்கலாம். வாங்கும்போது கத்தி முனை மழுங்கியிருக்கிறதா, அகேட் கல்லில் தூசியோ கீறலோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே படிக்கல்லை ஐந்து முறை வைத்து எடுத்து, ஐந்து முறையும் முள் ஒரே கோட்டில் நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நண்பர் படிக்கல்லை என்னிடமே இரவல் வாங்கிக்கொள்ளலாம்.