கொரியாவின் நகரத்துப் புதைமேடுகள்: கியோங்ஜூவா, சியோலா, பூசானா?

ஒரே இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் கியோங்ஜூவின் தேருங்வோன் பூங்காவுக்குப் போங்கள். ஆனால் தோண்டியபோது கல்லறை எப்படி இருந்தது என்பதைப் பார்க்க பூசானே மேல்.

தேருங்வோன் மதிலுக்குள் 23 மேடுகள். பழங்காலக் கொரிய அரசான சில்லாவின் அரச குடும்பத்தார் மரத்தால் அறை அமைத்து, சவப்பெட்டியையும் பொருள்களையும் உள்ளே வைத்து மூடி, மேலே ஆற்றுக்கற்களைக் குவித்து, களிமண் பூசி, மண் ஏற்றினார்கள். உள்ளே போக வழியே கிடையாது. மரம் உளுத்ததும் கற்கள் சரிந்து அறையை மூடிவிடும். திருட வருபவன் எவ்வளவு தோண்டினாலும் கல் சரிந்துகொண்டே இருக்கும். தங்கக் கிரீடங்கள் தப்பியது இதனால்தான். அதே சரிவில் பானைகள் நொறுங்கியது வேறு கதை.

இங்குள்ள இரட்டை மேடான ஹ்வாங்நாம்தேச்சோங் சுமார் 120 மீட்டர் நீளம். அதைத் தொடுமுன் கை பழக, பக்கத்திலிருந்த சிறிய மேட்டை 1973இல் திறந்தார்கள். அதிலேயே 11,500க்கும் மேற்பட்ட பொருள்கள்! பூர்ச்ச மரப்பட்டையில் தீட்டிய குதிரை ஓவியமும் கிடைத்ததால் அதற்கு சோன்மாச்சோங் (வானக்குதிரைக் கல்லறை) என்று பெயர். இதற்குள் மட்டும் நுழையலாம், தனிக் கட்டணம். உள்ளே இருப்பவை நகல்கள். அசலைப் பார்க்க கியோங்ஜூ தேசிய அருங்காட்சியகம் போக வேண்டும். பலர் இதைத் தவறவிடுகிறார்கள். அதிவேக ரயில் நிலையம் ஊருக்கு வெளியே. பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். மேடுகளில் ஏறுவது சட்டப்படி குற்றம்.

சியோலின் சோக்சோன்-தோங் கல்லறைத் தொகுதி, இன்னொரு பழைய கொரிய அரசான பெக்ஜேயின் மன்னர்களுடையது என்று கருதப்படுகிறது. இங்கே பெரியவை மண்மேடுகள் அல்ல, படிப்படியாக அடுக்கிய கல். மூன்றாம் எண் கல்லறையின் அடித்தளம் பக்கத்துக்கு ஏறக்குறைய 50 மீட்டர், மிஞ்சிய உயரமோ 4.5 மீட்டர்தான். 1916 கணக்கெடுப்பில் எண்பதுக்கு மேல் இருந்தவற்றில் இன்று எஞ்சியவை சில. மண்போர்வை இல்லாத கல்மீது வீடுகளே எழும்பின. குறுக்கே போன சாலையைப் பிறகு நிலத்தடிக்கு இறக்கினார்கள். அரை மணி நேரம் போதும்.

பூசானின் போக்சோன்-தோங் கல்லறைத் தொகுதி 1969இல் வீடு கட்டத் தோண்டியபோது வெளிப்பட்டது. உயர்ந்த மேடு எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான்: புல்சரிவில் கல்லறை இருந்த இடங்களைத் தாழ்ந்த செடிவரிசைகள் காட்டும். ஆனால் குவிமாடக் கூடத்தில் 53, 54 எண் கல்லறைகள் தோண்டிய நிலையிலேயே திறந்து கிடக்கின்றன. பானைகள் எந்த வரிசையில் வைக்கப்பட்டன என்பதுவரை தெரியும். இரும்புக் கவசங்கள் பக்கத்து அருங்காட்சியகத்தில். திங்கட்கிழமை விடுமுறை.