'சத்தமே வராது சார்' என்று விற்ற கம்ப்யூட்டர்: ஒற்றை வரி பில்லை வாங்காதீர்கள்

சென்னை ரிச்சி தெருவுக்குக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போகிறீர்கள் என்றால் இதைப் படித்துவிட்டுப் போங்கள். சத்தம் வராத கம்ப்யூட்டர் வேண்டும் என்று கூடுதல் பணம் கொடுக்கத் தயாராக இருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள்.

நான் ஒலிப்புத்தகங்களுக்குக் குரல் கொடுக்கிறேன். பதிவு, எடிட்டிங், வேலை முடிந்தபின் இரவில் கேம் எல்லாம் ஒரே அறையில்தான். மைக்குக்கும் கேபினட்டுக்கும் நடுவே நாலடிகூட இல்லை. பழைய கம்ப்யூட்டரின் இரைச்சலைச் சாஃப்ட்வேர் வைத்து நீக்கி நீக்கி, என் குரலே தகரத்தில் தட்டியது போல ஆகிவிட்டது. அதனால் ஒரு வருடம் பணம் சேர்த்து, ஒவ்வொரு பாகத்தையும் தேடிப் படித்துப் பட்டியல் போட்டேன். பிராசஸர் ரைசன் 5 7600, 65 வாட் வகை. ஆர்டிஎக்ஸ் 4060, 115 வாட் கிராஃபிக்ஸ் கார்டு. நான் சொன்ன மாடலில் சும்மா இருக்கும்போது ஃபேன் நின்றுவிடும். சூடு குறைந்தால் ஃபேன் மெதுவாகச் சுற்றும், மெதுவாகச் சுற்றினால் சத்தம் குறையும். கணக்கு அவ்வளவுதான்.

எஸ்எம்பிஎஸ், அதாவது எல்லாப் பாகங்களுக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டி, அதை மட்டும் விட்டுக்கொடுக்கவே மாட்டேன் என்று இருந்தேன். சீசானிக் ஃபோகஸ் ஜிஎக்ஸ் 750. பின்பக்கம் ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தி வைத்தால் லோடு குறைவாக இருக்கும்வரை எஸ்எம்பிஎஸ் ஃபேன் சுற்றவே சுற்றாது. பத்து வருட வாரண்டி வேறு. கடைக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய கொட்டேஷனிலும் இதே மாடல் பெயர் இருந்தது. மொத்தம் 1,03,500 ரூபாய்.

இரண்டு நாள் கழித்து எடுக்கப் போனேன். கடையில் ஓட்டிக் காட்டினார்கள். ஏசி இரைச்சல், வெளியே வண்டி ஹாரன், பக்கத்து மேசையில் வேறு நாலு மிஷின். அங்கே எதுவும் காதில் விழாது. "சத்தமே வராது சார், நம்பி எடுத்துட்டுப் போங்க" என்றார். பாகங்களின் அட்டைப்பெட்டிகளைக் கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு சார், பைக்ல கொண்டு போறது கஷ்டம். வாரண்டின்னா நேரா நம்ம கடைக்கு வாங்க" என்றார். பக்கத் தகட்டின் ஸ்க்ரூ மேல் ஒரு ஸ்டிக்கர். கிழித்தால் வாரண்டி கிடையாதாம். பில்லில் ஒரே வரி: 'அசெம்பிள்டு கம்ப்யூட்டர், 1'. மாடல் பெயர், சீரியல் நம்பர் எதுவும் இல்லை. நான் அங்கேயே நின்று கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

அன்று இரவு பதினோரு மணிக்குத் தெரு அடங்கியதும் கேட்டது. கேம் ஓடவில்லை, ஒன்றும் ஓடவில்லை, ஆனால் இடைவிடாமல் ஒரு உறுமல். மைக்கை ஆன் செய்தால் பழைய கம்ப்யூட்டரைவிட மோசம். பயாஸில் (மதர்போர்டின் செட்டிங்ஸ் திரை) ஃபேன் வேகத்தைக் குறைத்தேன். சிபியு ஃபேன் குறைந்தது, உறுமல் குறையவில்லை. டார்ச் அடித்துப் பின்பக்கம் பார்த்தேன். எஸ்எம்பிஎஸ்ஸில் அந்தப் பட்டனே இல்லை.

ஸ்டிக்கரைக் கிழித்துத் திறந்தேன். அடியில் எஸ்எம்பிஎஸ்ஸை மறைக்கும் தகடு இருப்பதால் கண்ணாடி வழியாகப் பார்த்தால் தெரியாது. வெளியே இழுத்தால்தான் தெரியும். நான் கேள்விப்பட்டே இராத ஒரு பெயர், மேலே '80 பிளஸ் கோல்டு' என்று ஒரு ஸ்டிக்கர். 80 பிளஸ் என்பது கரண்டை அதிகம் வீணாக்காத எஸ்எம்பிஎஸ்ஸுக்குக் கொடுக்கும் சான்று, கோல்டு அதில் ஒரு தரம். சான்று பெற்ற மாடல்களின் பட்டியல் 80 பிளஸ் இணையதளத்திலேயே இருக்கிறது, யாரும் பார்க்கலாம். இந்த மாடல் அதில் இல்லை. கேபினட் ஃபேன் மூன்றையும் மதர்போர்டில் மாட்டாமல் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் மோலெக்ஸ் வயரில் நேராகக் கொடுத்திருந்தார்கள். அப்படிக் கொடுத்தால் எப்போதும் 12 வோல்ட், எப்போதும் முழு வேகம். பயாஸில் என்ன மாற்றினாலும் கேட்காது. இத்தனைக்கும் போர்டில் ஃபேன் மாட்டும் இடம் (ஹெடர்) இரண்டு காலியாகவே இருந்தன.

மறுநாள் போனேன். "ஸ்டாக் இல்ல சார், அதே தரத்துல போட்டோம், கோல்டுன்னா எல்லாம் ஒண்ணுதான்" என்றார். ஒன்று இல்லை. சொல்லாமல் மாற்றிவிட்டு, காசை மட்டும் சீசானிக் விலைக்கு வாங்கினால் அது ஏமாற்று. கேட்ட மாடல் வேண்டுமானால் இன்னும் 4,000 ரூபாய் என்றார். ஸ்டிக்கரைக் கிழித்ததைக் காட்டி, இனி வாரண்டியே கிடையாது என்றும் சொன்னார்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். கடை அசையவில்லை. இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, ஆன்லைனிலேயே போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். என் கையில் இருக்கும் ஒரே பலமான ஆதாரம் அந்த வாட்ஸ்அப் கொட்டேஷன். பில்லை வைத்து ஒன்றும் நிரூபிக்க முடியாது. என் கார்டும் போர்டும் புதிதா, யாரோ திருப்பிக் கொடுத்ததா என்றுகூட அந்தப் பில்லைக் கொண்டு சொல்ல முடியாது.

அந்தத் தெருவில் நேர்மையான கடைகள் நிறைய உண்டு. அப்புறம் சீசானிக்கை வேறொரு கடையில் வாங்கினேன். கேட்காமலேயே மாடலும் சீரியல் நம்பரும் போட்டு ஜிஎஸ்டி பில் கொடுத்தார்கள், பெட்டியை என் கண் முன்னால் பிரித்தார்கள். நீங்களும் ஒவ்வொரு பாகத்துக்கும் அப்படியே கேளுங்கள். உட்கார்ந்து பார்க்கிறேன், என் முன்னாலேயே மாட்டுங்கள் என்று சொல்லுங்கள். முடியாது என்றால் அட்வான்ஸ் கொடுக்காமல் கிளம்பிவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து, உள்ளே ஃபோம் ஒட்டிய மூடின கேபினட்டை வாங்காதீர்கள். அவர்கள் அறை 22 டிகிரி. மே மாதம் என் அறை 34. இங்கே முன்பக்கம் வலை வைத்த கேபினட்டும் மெதுவாகச் சுற்றும் பெரிய ஃபேனும்தான் சத்தத்தைக் குறைக்கும். வேகத்தை மதர்போர்டே கட்டுப்படுத்தும் பிடபிள்யூஎம் ஃபேன் இரண்டு வாங்கி ஹெடரில் மாட்டி, 700 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 700 சுற்று) ஓடவிட்டிருக்கிறேன். நேற்று பதிவு செய்ததில் கம்ப்யூட்டர் சத்தம் சுத்தமாக இல்லை. அந்தக் கடைக்காரர் மாற்றிப் போட்ட எஸ்எம்பிஎஸ்ஸை ஸ்டிக்கரோடு பரணில் பத்திரமாக வைத்திருக்கிறேன், ஆணையத்தில் கேட்டால் காட்டுவதற்கு.